நிழல் குட்டையாகும் நேரம்

செஞ்சியில் இருக்கும் என் பெரியம்மாவுக்குச் சர்க்கரை நோய் வந்து இருபது வருஷம் ஆகிறது. இரண்டு முழங்காலும் தேய்ந்துவிட்டன. போன வருஷம் குளியலறையில் வழுக்கி விழுந்து மணிக்கட்டு முறிந்ததிலிருந்து கைத்தடி இல்லாமல் அவர் வாசல்படி தாண்டுவதில்லை. எலும்பு அத்தனை சுலபமாக முறிந்ததைப் பார்த்த மருத்துவர் ரத்தப் பரிசோதனை செய்யச் சொன்னார். வைட்டமின் டி மிகவும் குறைவு என்று முடிவு வந்தது. பெரியம்மாவால் அதை ஏற்கவே முடியவில்லை.

"தெனம் காலைல ஆறரைக்கு வாசல்ல நாக்காலி போட்டு வெயில்லதாம்பா உக்காந்திருக்கேன். ஏழரை வரைக்கும். அப்புறம் எப்பிடிப்பா வெயில் சத்து இல்லாம போவும்?"

அவருடைய கேள்வியில் நியாயம் இருக்கிறது. இளவெயில் உடம்புக்கு நல்லது என்று நம் வீடுகளில் தலைமுறை தலைமுறையாகச் சொல்லி வருகிறார்கள். பிறந்த குழந்தையைக் காட்டுவதும் அந்த வெயிலில்தான், நோயாளியை உட்காரவைப்பதும் அந்த வெயிலில்தான். பெரியம்மா ஒரு நாள்கூடத் தவறாமல் செய்திருக்கிறார். ஆனால் அவர் எதிர்பார்த்த பலன் அந்த நேரத்து வெயிலில் இல்லை; அதில் இருப்பது வேறொரு பலன். நாள்பட்ட நோயோடு வாழ்பவர்கள் இந்த இரண்டையும் பிரித்துத் தெரிந்துகொள்வது அவசியம் என்று நினைக்கிறேன்.

செஞ்சிக்காரர்களுக்கு வெயிலைப் பற்றி வெளியிலிருந்து வந்து பாடம் நடத்த வேண்டியதில்லை. ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி மூன்றும் பாறைமேல் பாறை உருட்டி அடுக்கியதுபோல நிற்கும் குன்றுகள். பகலெல்லாம் வாங்கிய சூட்டை அவை இரவில் மெதுவாகத் திருப்பித் தரும். 2025 ஜூலையில் யுனெஸ்கோ மராத்தியர் கோட்டைகளை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தபோது, தமிழ்நாட்டிலிருந்து அந்த வரிசையில் இடம்பெற்றது செஞ்சி ஒன்றுதான். அதைப் பார்க்க வருபவர்கள் பத்து மணிக்கே தொப்பியும் தண்ணீர் பாட்டிலுமாகத் திணறுவார்கள். உள்ளூர்க்காரர்களுக்கு வெயில் ஒரு கருவி. அறுத்த நெல்லைக் காயவைக்க வேண்டும், பிடுங்கிய மல்லாட்டையைக் காயவைக்க வேண்டும். ஒரு மணியை எடுத்துப் பல்லில் கடித்தே ஈரம் இருக்கிறதா இல்லையா என்று சொல்லிவிடுவார் பெரியம்மா. பனி விலகுவதற்கு முன் யாரும் களத்தில் நெல்லை விரிக்க மாட்டார்கள் என்பதும் அவருக்குத் தெரியும். வெயில் எல்லா நேரமும் ஒரே வெயில் இல்லை என்ற பாடம் அதிலேயே இருக்கிறது. நெல்லுக்குப் பார்த்த நேரத்தை எலும்புக்குப் பார்க்க யாரும் அவருக்குச் சொல்லவில்லை.

தோலுக்குள் நடப்பது இதுதான். நம் மேல்தோலின் உயிரணுக்களில் கொலஸ்டிராலுக்கு உறவான ஒரு மூலப்பொருள் இருக்கிறது. சூரிய ஒளியில் புற ஊதா பி என்று ஒரு சிறு பகுதி, அலைநீளம் 290 முதல் 315 நானோமீட்டர் வரை. அது இந்த மூலப்பொருள்மேல் பட்டால் மூலக்கூறின் வளையம் ஒன்று உடைந்து திறக்கிறது. திறந்த பொருள் உடம்புச் சூட்டிலேயே மெல்ல உருமாறி வைட்டமின் டி ஆகிறது. அதன் பிறகு கல்லீரல் ஒரு மாற்றம் செய்கிறது, சிறுநீரகம் இன்னொரு மாற்றம் செய்கிறது. அப்போதுதான் அது குடலுக்குப் போய், சாப்பாட்டிலிருக்கும் கால்சியத்தை உள்ளே இழுக்கும் வேலையைத் தொடங்கும். தோல், கல்லீரல், சிறுநீரகம், குடல் என்று நாலு இடம் கைமாறி வரும் சரக்கு அது. எங்கே தடைபட்டாலும் எலும்புக்கு வந்து சேராது.

முதல் இடத்திலேயே ஒரு தடை. புற ஊதா பி கதிரை வானத்தின் ஓசோன் உறிஞ்சிக்கொள்கிறது, காற்று சிதறடிக்கிறது. சூரியன் உச்சியில் இருந்தால் கதிர் நேராக, குறுகிய வழியில் இறங்குகிறது. அடிவானத்தை ஒட்டி இருந்தால் சாய்வாக, நெடுந்தூரம் காற்றைத் துளைத்து வருகிறது. பங்குனித் தொடக்கத்தில் காலை ஏழு மணிக்குச் செஞ்சியில் நின்றால் உங்கள் நிழல் உங்களைப் போல ஐந்து மடங்குக்கு மேல் நீண்டு கிடக்கும். சூரியன் தாழ்ந்திருக்கும்போது, நிழல் எத்தனை மடங்கோ ஏறக்குறைய அத்தனை மடங்கு காற்றைக் கதிர் கடந்து வந்திருக்கிறது என்று கொள்ளலாம். அந்தப் பயணத்தில் சிவப்பும் மஞ்சளும் தப்பித்து வந்துவிடும். அதனால்தான் இளவெயில் பொன்னிறமாக இருக்கிறது. வைட்டமின் செய்யும் கதிர் வழியிலேயே தீர்ந்துபோகும். பெரியம்மா ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்த வெயிலில் வெளிச்சம் இருந்தது, இதமான சூடு இருந்தது. அவர் தேடிவந்த கதிர் மட்டும் இல்லை.

இது அளந்து பார்த்த விஷயம். 2007, 2008 ஆண்டுகளில் திருப்பதியில் மருத்துவர் ஹரிநாராயணும் உடன் பணியாற்றியவர்களும் ஒரு சோதனை செய்தார்கள். தோலிலிருக்கும் அதே மூலப்பொருளைச் சிறு கண்ணாடிக் குப்பிகளில் அடைத்து, காலை எட்டு மணி முதல் மாலை நாலு மணி வரை மணிக்கு ஒன்றாக வெயிலில் வைத்து, எவ்வளவு மாறுகிறது என்று கணக்கிட்டார்கள். வருஷம் முழுவதும், பகல் பதினொன்றிலிருந்து இரண்டு மணி வரைதான் மாற்றம் மிகுதியாக நடந்தது. பன்னிரண்டரை மணி அளவில் உச்சம். திருப்பதிக்கும் செஞ்சிக்கும் அட்சரேகையில் சுமார் ஒன்றரை பாகைதான் வித்தியாசம். அங்கே குப்பிக்குள் நடந்தது இங்கே தோலுக்குள் நடக்கும்.

இதே மாதிரிச் சோதனையை அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் செய்து 1988-இல் வெளியிட்டார்கள். அங்கே நவம்பரிலிருந்து பிப்ரவரி வரை உச்சிப்பொழுதிலும் குப்பியில் எதுவும் உருவாகவில்லை. குளிர்காலம் முழுக்க அந்த ஊர்க்காரர்களின் தோல் சும்மா இருக்கிறது. நமக்கு அந்தக் குறை இல்லை. செஞ்சி பூமத்திய ரேகைக்கு வடக்கே 12 பாகையைச் சற்றுத் தாண்டி இருக்கிறது. சூரியன் தெற்கே மிகவும் இறங்கியிருக்கும் மார்கழி முதல் வாரத்தில்கூட நடுப்பகலில் நம் நிழல் நம் உயரத்தில் முக்கால் பங்குக்குள் அடங்கிவிடும். சித்திரையில், ஏப்ரல் 22, 23 வாக்கில் ஒரு முறையும், ஆவணித் தொடக்கத்தில் ஆகஸ்ட் 20, 21 வாக்கில் ஒரு முறையும் சூரியன் செஞ்சியின் நேர் உச்சிக்கு வருகிறது. அந்த நடுப்பகலில் கோட்டைக் கொடிமரத்துக்கும் நிழல் இருக்காது.

அப்படியானால் இத்தனை வெயிலில் வாழும் நம்மிடம் ஏன் குறைபாடு? அதே திருப்பதிக் குழு 2007-இல் வெளியிட்ட இன்னொரு ஆய்வு, ஆரோக்கியமானவர்களிடமே வைட்டமின் டி பரவலாகக் குறைந்திருப்பதைக் காட்டியது. வயல் வேலை செய்யும் கிராமத்தவர்களுக்கு நகரத்தவர்களைவிட அளவு கூடுதலாக இருந்தது. ஆனாலும் கிராமத்துப் பெண்களிலும் பெரும்பாலோருக்குப் பற்றவில்லை. ஆண் மேல்சட்டையில்லாமல் ஏர் ஓட்டுவான். பெண் புடவைமேல் ஆண்சட்டை மாட்டி, தலையில் துண்டு கட்டி நாற்று நடுவாள். அந்தத் துண்டு சூட்டிலிருந்து காக்கிறது, கதிரையும் தடுக்கிறது. சாப்பாட்டில் பாலும் கால்சியமும் குறைவு; தானியத்திலிருக்கும் ஃபைட்டேட் கால்சியத்தைக் கட்டிப்போடுகிறது. தோலின் மெலனின் இயற்கை தந்த குடை. அது புற்றுநோயிலிருந்து காக்கிறது, அதற்கு விலையாக, வெளுத்த தோல் சில நிமிஷத்தில் செய்வதைக் கறுத்த தோல் செய்யச் சில மடங்கு நேரம் கேட்கிறது. வயதும் சேர்ந்துகொள்கிறது. இளமையில் தோல் செய்த அளவில் பாதியைக்கூட எழுபது வயதுத் தோலால் செய்ய முடிவதில்லை, மூலப்பொருளே குறைந்துவிடுகிறது.

இதற்குமேல் வீடு. செஞ்சிக் கோட்டைக்குள் இரண்டு வகைக் கட்டடங்களை அடுத்தடுத்துப் பார்க்கலாம். களஞ்சியம் தடித்த சுவர்களோடு வெயிலை உள்ளே விடாமல் மூடிக் கிடக்கும்; நெல்லுக்கு அது வேண்டும். சற்றுத் தள்ளிக் கல்யாண மகால், மாடிமேல் மாடியாக, ஒவ்வொரு மாடியிலும் சுற்றிலும் வளைவுகள் திறந்திருக்க, காற்றும் வெளிச்சமும் எந்தப் பக்கமும் வரும்படி நிற்கும். முன்பு நம் வீடுகளில் திண்ணையும் முற்றமும் இருந்தன. நோயில் கிடந்தவரைத் திண்ணையில் போட்டிருப்பார்கள். முற்றத்தில் உச்சி வெயில் நேரே விழும்; அரிசி புடைக்கும்போதும் தலை உலர்த்தும்போதும் கையிலும் காலிலும் அது பட்டுக்கொண்டே இருந்தது. இப்போது கட்டும் வீடுகள் களஞ்சியத்தின் பக்கம் சாய்ந்துவிட்டன. முற்றத்தின்மேல் கான்கிரீட் மூடிவிட்டது. திண்ணை இருந்த இடத்தில் இரும்புக் கதவு. நோயாளிக்கு உள்ளறை, அதற்கொரு கண்ணாடி ஜன்னல். அந்தக் கண்ணாடி வெளிச்சத்தை விடும், சூட்டை விடும், தோலைக் கறுக்கவைக்கும் புற ஊதா ஏ கதிரின் பெரும்பகுதியையும் விடும். புற ஊதா பி-யை மட்டும் ஏறக்குறைய முழுவதும் நிறுத்திவிடும். ஜன்னலோரம் கட்டிலைப் போட்டுவிட்டோம் என்று நிம்மதியடையும் பிள்ளைகள் இதை அறிய வேண்டும்.

இதற்கு ஒரு சுலபமான அளவுகோல் இருக்கிறது. உங்கள் நிழல் உங்கள் உயரத்தைவிடக் குட்டையானால், சூரியன் 45 பாகைக்கு மேலே வந்துவிட்டது, தோல் வேலை செய்யும் நேரம் தொடங்கிவிட்டது. துரும்பை நிறுத்தி நிழலளந்து நாழிகை சொன்ன ஊர் இது. இந்த முறை நமக்கு அந்நியமில்லை. செஞ்சியின் அட்சரேகைக்குக் கணக்குப் போட்டால் சித்திரை நடுவில் காலை ஒன்பது மணி தாண்டியதுமே நிழல் உயரத்துக்குச் சமமாகிவிடுகிறது. மார்கழியில் அதற்குப் பத்தேகால் ஆகும். மாலைப் பக்கம், சித்திரையில் மூன்றேகால் வரை, மார்கழியில் இரண்டு மணி வரை. ஆக, கோடையில் ஒன்பதரை மணி வெயில் எவ்வளவு தருமோ, அதைப் பெற மார்கழியில் பதினொரு மணியாவது ஆக வேண்டும்.

எத்தனை நிமிஷம் என்ற கேள்விக்கு எல்லோருக்கும் பொருந்தும் ஒரே பதில் இல்லை. முகம், கை, கால் திறந்திருக்க, வாரத்தில் சில நாள் பதினைந்திலிருந்து முப்பது நிமிஷம் என்று மருத்துவர்கள் பொதுவாகச் சொல்வது தொடக்கப் புள்ளி. தோல் கறுப்பானால், வயது கூடினால் நேரமும் கூடும். நாள் முழுக்க நிற்பதில் லாபம் கிடையாது. ஓரளவுக்கு மேல் அதே ஒளி, தான் செய்த பொருளைத் தானே உடைத்து வேறு மூலக்கூறுகளாக மாற்றிவிடுகிறது. வெயிலால் மட்டும் ஒருவருக்கு வைட்டமின் டி மிகையாகாமல் காப்பது இந்த ஏற்பாடுதான். மாத்திரைக்கு அந்தக் காவல் இல்லை; அளவு மீறினால் நஞ்சாகும். சிலர் வாராந்திர மாத்திரையைத் தினமும் விழுங்கிச் சிக்கலில் மாட்டுவது அப்படித்தான்.

சர்க்கரை நோயாளிகள் கவனிக்க வேண்டியது மூன்றாவது இடமான சிறுநீரகம். நீண்டகாலச் சர்க்கரை அங்கேதான் கைவைக்கிறது. சிறுநீரகம் தளர்ந்தவருக்குத் தோல் எவ்வளவு செய்து அனுப்பினாலும் கடைசி மாற்றம் சரியாக நடக்காது. கால்சியம் குறையும், கழுத்திலிருக்கும் பாராதைராய்டு சுரப்பி பதறிப்போய் எலும்பிலிருந்து கால்சியத்தை உருவும். டயாலிசிஸ் செய்துகொள்பவர்களில் பலருக்கு, ஏற்கெனவே முடிந்த வடிவத்திலுள்ள வைட்டமினை மருத்துவர் எழுதித் தருவது இதனால்தான். "வெயில்ல நின்னா போதும், மாத்திரை எதுக்கு" என்று அதை நிறுத்திவிடுபவர்களை நினைத்தால் எனக்குக் கவலையாக இருக்கிறது.

இவ்வளவும் சொன்ன பிறகு பெரியம்மா கேட்டார்: "அப்போ நான் காலைல உக்காந்ததெல்லாம் வீணாப்பா?"

வீணில்லை. அந்த வெயில் தோல் வழியாகச் செய்யாததைக் கண் வழியாகச் செய்கிறது.

இதைச் சொல்ல மதுரைக்குப் போக வேண்டும். மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் எம்.கே. சந்திரசேகரன் உயிர்க் கடிகார ஆய்வை வளர்த்தெடுத்தார். அவரும் மாணவர்களும் மதுரைக்கு அருகே ஒரு குகையில் வாழும் இலைமூக்கு வௌவால்களைப் பின்தொடர்ந்தார்கள். குகையின் உட்புறம் எப்போதும் இருட்டு. ஆனாலும் அந்த வௌவால்கள் தினமும் அந்தி சாயும் நேரத்துக்குச் சரியாகக் கிளம்பும். கிளம்புவதற்கு முன் வாசல் வரை பறந்து வந்து வெளியே வெளிச்சம் எவ்வளவு இருக்கிறது என்று பார்த்துவிட்டுத் திரும்பும். ஒரு வௌவாலைத் தனியாக, வெளிச்சமும் துணையும் இல்லாத குகையில் அடைத்து வைத்தபோது அதன் பகலிரவு மெல்ல மெல்ல வெளியுலகத்திலிருந்து விலகியது. உள்ளே ஒரு கடிகாரம் ஓடுகிறது, ஆனால் அது சரியாக 24 மணி நேரம் காட்டவில்லை. கூட்டத்தோடு வைத்தால், வெளிச்சத்தையே பார்க்காவிட்டாலும், மற்றவை கிளம்பித் திரும்பும் சந்தடியை வைத்தே அடைபட்ட வௌவால் நேரத்தைத் திருத்திக்கொண்டது. மனிதர்களையும் நாட்கணக்கில் கடிகாரமும் சூரியனும் இல்லாத நிலவறையில் தங்கவைத்துப் பார்த்தார்கள் மதுரையில். இந்தியாவில் அப்படியொரு வசதியை அமைத்து மனிதரின் உள்கடிகாரத்தை ஆராய்ந்த இடம் ஒரு தமிழ்நாட்டுப் பல்கலைக்கழகம் என்பது பலருக்குத் தெரியாது.

மனிதரின் உள்நாள் 24 மணியைவிடச் சற்று நீளம். தினமும் யாராவது அதைத் திருத்த வேண்டும். திருத்துவது காலை வெளிச்சம். விழித்திரையில் பார்ப்பதற்கென இருக்கும் உயிரணுக்களைத் தவிர, வெளிச்சத்தை அளப்பதற்கென்றே மெலனாப்சின் என்ற நிறமி கொண்ட சில உயிரணுக்கள் இருப்பது 2002 வாக்கில் உறுதியானது. அவை மூளையின் அடியிலுள்ள கடிகார மையத்துக்கு நேரே செய்தி அனுப்புகின்றன: விடிந்துவிட்டது. அந்தச் செய்தியிலிருந்து உடம்பு எண்ணத் தொடங்கி, இரவில் சரியான நேரத்தில் மெலடோனினைச் சுரந்து தூக்கத்தைக் கொண்டுவருகிறது.

வீட்டுக்குள் குழல்விளக்கின் அடியில் இருக்கும் வெளிச்சம் நூறு, இருநூறு லக்ஸ் இருக்கும். மேகம் மூடிய நாளில் வெளியே வந்தாலே பல ஆயிரம் லக்ஸ். முழு வெயிலில் ஒரு லட்சம். அறைக்குள்ளேயே கிடப்பவருக்குப் பகல் முழுவதும் அந்திதான். உடம்புக்கு எது காலை, எது மாலை என்று தெரியாது. பகலில் தூங்கித் தூங்கி விழுவதும், நள்ளிரவில் வலியோடு விழித்துக் கிடப்பதும், அதனால் மனம் சோர்வதும், சர்க்கரை ஏறுவதும் ஒன்றையொன்று இழுத்துக்கொண்டு போகும். அமெரிக்காவின் பிட்ஸ்பர்க்கில், முதுகெலும்பு அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களை வெயில் வரும் பக்கத்து அறைகளிலும் வராத பக்கத்து அறைகளிலும் வைத்துப் பார்த்த ஒரு ஆய்வு 2005-இல் வெளியானது. வெளிச்சமான அறையிலிருந்தவர்கள் மணிக்குக் கணக்கிட்டால் 22 சதவீதம் குறைவாகவே வலி மருந்து எடுத்துக்கொண்டிருந்தார்கள். கண்ணாடிக்குப் பின்னாலிருந்து வந்த வெளிச்சம்தான் அது. இந்த வேலைக்குப் புற ஊதா தேவையில்லை.

மதுரை வௌவால் எனக்கு இன்னொன்றையும் சொல்கிறது. எழவே முடியாமல் உள்ளறையில் கிடக்கும் நோயாளிக்கு வீட்டின் சந்தடியும் ஒரு கடிகாரம். காலையில் ஜன்னலைத் திறப்பது, அவரையும் எழுப்பிக் காபி கொடுப்பது, எல்லோரும் சாப்பிடும் நேரத்துக்கே அவருக்கும் தட்டு வைப்பது, இரவில் விளக்கை அணைப்பது. நோயாளிதானே, எப்போது வேண்டுமானாலும் தூங்கட்டும் என்று விட்டுவிடுவது அன்பால் செய்வதுதான். ஆனால் குகையில் அவரைத் தனியே விடுவது போலாகிறது.

வெயிலையே மருந்தாக நம்பிய ஒரு காலம் இருந்தது. டென்மார்க்கின் நீல்ஸ் ஃபின்சென், தோலைத் தின்னும் காசநோயான லூபஸ் வல்காரிஸை ஒளியால் ஆற்றிக் காட்டி 1903-இல் நோபல் பரிசு பெற்றார். அதே ஆண்டு சுவிட்சர்லாந்து மலையில் அகஸ்ட் ரோலியே வெயில் மருத்துவமனை திறந்தார். 1919-இல் பெர்லினில் குர்ட் ஹுல்ட்ஷின்ஸ்கி, எலும்பு வளைந்த குழந்தைகளைப் புற ஊதா விளக்கின் கீழ் வைத்துக் குணமாக்கினார். குஜராத்தின் ஜாம்நகரில் 1930-களில் சூரியனோடு சேர்ந்து கட்டடமே சுழலும் ஒரு சிகிச்சைக் கூடம் எழுந்தது. நம் பக்கத்தில் டாக்டர் சவுரிமுத்து. இங்கிலாந்தின் மெண்டிப் குன்றுகளில் காசநோய் இல்லம் நடத்திய அவரிடம் 1917-இல் கணிதமேதை ராமானுஜன் சிகிச்சைக்குப் போய்ச் சேர்ந்திருந்தார். திறந்த ஜன்னல், குளிர்ந்த காற்று, ஓய்வு என்ற அந்தச் சிகிச்சை ராமானுஜனின் நோயைத் தீர்க்கவில்லை. பின்னர் ஊர் திரும்பிய சவுரிமுத்து 1928-இல் தாம்பரத்தில் ஒரு காசநோய் இல்லம் திறந்தார். தாம்பரம் சானடோரியம் என்ற ரயில் நிலையத்தின் பெயரில் அது இன்னும் வாழ்கிறது.

இந்த நம்பிக்கையை நேராகச் சோதித்துப் பார்த்ததும் சென்னைதான். 1956-இல் சேத்துப்பட்டில் காசநோய் மருந்துச் சிகிச்சை மையம் தொடங்கியது. ஏழைக் குடும்பங்களைச் சேர்ந்த 193 நோயாளிகளை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பகுதியினருக்குச் சானடோரியத்தில் காற்று, ஓய்வு, நல்ல சாப்பாடு. மறு பகுதியினர் தங்கள் நெரிசலான வீடுகளிலேயே, இருந்ததைச் சாப்பிட்டுக்கொண்டு இருந்தார்கள். மருந்து இரு பகுதியினருக்கும் ஒன்றே, ஒரு வருஷம். 1959-இல் முடிவு வெளியானபோது உலகம் திரும்பிப் பார்த்தது. வீட்டிலிருந்தவர்களும் ஏறக்குறைய அதே அளவு குணமாகியிருந்தார்கள். காசநோயைத் தீர்த்தது மருந்து. உலகம் முழுக்கச் சானடோரியங்கள் மூடப்பட்டதற்குச் சேத்துப்பட்டின் இந்தக் கணக்கும் ஒரு காரணம்.

இன்று வைட்டமின் டி-யைப் பற்றி எழும் பெரிய பெரிய வாக்குறுதிகளைப் படிக்கும்போதெல்லாம் எனக்குச் சேத்துப்பட்டு நினைவுக்கு வரும். நோயாளிகளின் ரத்தத்தில் அளவு குறைந்திருப்பது உண்மை. ஆனால் நோய் வந்தவர் வீட்டுக்குள் முடங்குகிறார், முடங்கியவருக்கு அளவு குறைகிறது. எது காரணம், எது விளைவு என்று பிரிப்பது கடினம். அமெரிக்காவில் 25,871 பேரிடம் ஆண்டுக்கணக்கில் நடந்த சோதனையில் வைட்டமின் டி மாத்திரை மாரடைப்பையோ புற்றுநோய் வருவதையோ குறைக்கவில்லை. சர்க்கரையின் விளிம்பில் நின்ற 2,423 பேரிடம் நடந்த இன்னொரு சோதனையில், நோய் வருவதை அது குறிப்பிடும்படி தடுக்கவில்லை. குறைபாடு இருப்பவருக்கு அதை நிரப்பினால் எலும்பும் தசையும் தேறும். அதற்குமேல் வாக்குத் தருபவர்களிடம் நோயாளிகள் எச்சரிக்கையாக இருக்க வேண்டும், குறிப்பாக இன்சுலினை நிறுத்தச் சொல்பவர்களிடம்.

லூபஸ் என்ற பெயர் இன்னொரு நோய்க்கும் உண்டு. ஃபின்சென் ஒளியால் ஆற்றியது தோல் காசநோய். உடம்பின் எதிர்ப்புச் சக்தி தன்னையே தாக்கும் லூபஸ், நம் ஊரில் பெரும்பாலும் இளம்பெண்களுக்கு வருவது, வெயில் பட்டால் சீறும். முகத்தில் செந்தடிப்பு, மூட்டுவலி, சில சமயம் சிறுநீரகம் வரை. ஒரே பெயர், ஒருவருக்கு மருந்து, மற்றவருக்கு விஷம். அவர்கள் வைட்டமினை மாத்திரையில்தான் பெற வேண்டும். ரத்த அழுத்தத்துக்குத் தரும் ஹைட்ரோகுளோரோதயாசைடு, இதயத் துடிப்புக்கான அமியோடரோன், டாக்சிசைக்ளின் போன்ற சில மருந்துகளும் தோலை வெயிலுக்குக் கூச்சப்படவைக்கும். வெண்புள்ளிக்குப் பயன்படும் கார்போக அரிசியில் இருப்பதும் இப்படித் தோலைக் கூசவைக்கும் சோராலென் வகைப் பொருள்தான். அளவறிந்து ஒளியோடு சேர்த்தால் நிறம் திரும்பும், அளவு தவறினால் கொப்புளம் கிளம்பும். இந்த மருந்துகளில் எதையாவது எடுப்பவர் வெயிலுக்குப் போகுமுன் ஒரு வார்த்தை மருத்துவரிடம் கேட்டுவிட வேண்டும்.

சூடு தனி ஆபத்து. கோடை நடுப்பகலில் நம் பக்கத்தில் புற ஊதாக் குறியீடு 11-ஐத் தாண்டிவிடும். உலகச் சுகாதார நிறுவனத்தின் அட்டவணையில் அதற்குமேல் படியே இல்லை. அக்னி நட்சத்திர நாட்களில் பன்னிரண்டு மணிக்கு ஒரு நோயாளியை வைட்டமினுக்காக மாடிக்கு அனுப்புவது கொடுமை. சிறுநீர் பிரியும் மாத்திரை சாப்பிடுபவருக்கு நீர்ச்சத்து சட்டென்று வற்றும். டயாலிசிஸ் நோயாளிக்குத் தாகமெடுத்தாலும் அளந்துதான் குடிக்க முடியும். சர்க்கரையால் பாதத்தில் உணர்ச்சி மங்கியவர் செருப்பில்லாமல் கல்தரையில் நடந்தால் சுடுவதே தெரியாது. மாலையில் கொப்புளத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்வார். அந்தக் கொப்புளம் புண்ணாகி, விரலை எடுக்கும் வரை போன கதைகள் உண்டு. கோயில் பிரகாரமோ கோட்டைப் படியோ, நண்பகலில் பாறை அடுப்புக்கல்லாக இருக்கும். கோயிலுக்குள் செருப்பு கூடாதென்றால், வெயிலுக்கு முன்னதாகப் போய் வரட்டும்.

பெரியம்மாவின் மருத்துவர் மாத்திரையும் கால்சியமும் எழுதியிருக்கிறார், சிறுநீரகத்தையும் பார்த்துவிட்டு வெயிலுக்குச் சம்மதம் சொல்லியிருக்கிறார். இப்போது அவர் நாளில் இரண்டு வெயில் உண்டு. விடிந்ததும் பழையபடி வாசலில் நாற்காலி. தெருவில் பால்காரரோடும் பூக்காரம்மாவோடும் பேச்சு, கண்ணுக்கு வெளிச்சம். பிறகு சாப்பிட்டு, மருந்து போட்டு, காலில் ரப்பர் செருப்போடு பின்கட்டு வாசலுக்கு வருவார். மணி பார்ப்பதில்லை. கைத்தடியைத் தரையில் நேராக ஊன்றுகிறார். நிழல் விழும் இடத்தில் விளக்குமாற்றுக் குச்சியால் ஒரு கோடு. பிறகு தடியை அந்தக் கோட்டின்மேல் படுக்கவைத்துப் பார்க்கிறார்.

"இன்னும் ரெண்டு விரக்கடை இருக்குப்பா," என்கிறார். தடியைவிட நிழல் குட்டையாகும் வரை திண்ணை நிழலில் உட்கார்ந்து முருங்கைக்கீரை ஆய்கிறார். பிறகு புடவையை முழங்காலுக்குச் சற்றுக் கீழே வரை தூக்கிச் செருகி, கையை முழங்கை வரை திறந்து, முகத்தை மட்டும் முந்தானையால் மறைத்துக்கொண்டு, வெயில் பக்கம் நாற்காலியைத் திருப்பிப் போடுகிறார்.